ஜெபமாலையின் மறுபாதி

நான் கேமரா மாட்டுகிறவன். கண்ணால் பார்த்தேன் என்று யார் சொன்னாலும், பதிவு இருக்கிறதா என்று கேட்கிற ஆள். இது நடந்தது. பதிவும் இருக்கிறது.

2025 அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து எட்டு கிலோமீட்டரில் ஒரு வீடு. சகாயராணி அம்மா அங்கே தனியாக இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. மறதி நோய். மகன் இனிகோ பெங்களூருவில். சமைத்துக் குளிப்பாட்டிவிட வரும் பெண் நான்கு மணிக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு என் கேமராதான் துணை.

இந்த நோய் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த நினைவு முதலில் போகும். சின்ன வயதில் மனப்பாடம் செய்தது கடைசியில்தான் போகும். அம்மாவுக்கு மகன் பெயர் போய்விட்டது. ஜெபமாலை போகவில்லை.

வீட்டில் ஜெபமாலையை இரண்டு பேராகச் சொல்வார்கள். ஒருவர் முதல் பாதி, மற்றவர் மறுபாதி. பிறகுதான் மாலையில் அடுத்த மணிக்கு விரல் நகரும். ஐம்பது வருடம் மறுபாதி சொன்ன கணவர் சவுரியப்பன் இறந்துவிட்டார். அதன்பின் பக்கத்து வீட்டு ஆக்சிலியா தினமும் சாயங்காலம் வந்து சொன்னார். முக்கால் மணி நேரம்தான். அதற்காக அம்மா மூன்று மணிக்கே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம்.

இனிகோ என்னிடம் ஒரு ஸ்பீக்கர் மாட்டச் சொன்னார். மாலையானால் மறுபாதி மட்டும் தானாக ஓட வேண்டும். இனிமேல் நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று ஆக்சிலியாவிடமும் சொல்லிவிட்டார். அவர் ரோஷப்பட்டு வருவதை நிறுத்திவிட்டார். ஸ்பீக்கரை மாட்டிக் கொடுத்தது நான்தான்.

அது சரிப்படவில்லை. காரணம் எளிது. மனிதர் என்றால் எதிரில் இருப்பவர் மூச்சு முடியும்வரை காத்திருப்பார். பெட்டிக்குத் தெரிந்தது விநாடிக் கணக்கு மட்டும். அம்மா மெதுவாகச் சொல்வார். பெட்டி பாதியில் குறுக்கே பாயும். அவர் அழுவார். அதைச் சரிசெய்யத்தான் அன்று போனேன்.

மணி 5.50. வெளியே மழை இருட்டு. டியூப் லைட்டைப் போட்டேன். ஸ்பீக்கரைக் கழற்றி மடியில் வைத்து, பேட்டரியை உருவினேன். இது முக்கியம்.

6.12. அம்மா ஜெபமாலையை எடுத்தார். முதல் பாதி சொன்னார். நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“நீ சொல்லு கண்ணு.”

எனக்குத் தெரியாதுங்க என்றேன். நாங்கள் காளியம்மனைக் கும்பிடுகிற குடும்பம்.

மறுபடி முதல் பாதி. மறுபடி நிறுத்தினார். பதில் இல்லாமல் அடுத்த மணிக்குப் போக அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது முறையும் அதே மணி.

“வூட்ல ஒருத்தருமே இல்லியா?”

நான் குனிந்து ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

நான்காவது முறை...

பதில் வந்தது.

வயதான ஆண் குரல். கரகரப்பு. உள் அறைப் பக்கமிருந்து... அந்த அறை பூட்டியிருந்தது.

ஸ்பீக்கரைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

அம்மா சொன்னார். குரல் காத்திருந்தது. அவர் மூச்சு விட்டதும்... பதில்.

இடைவெளி ஒவ்வொரு முறையும் வேறு. எந்த ரெக்கார்டிங்கும் அப்படிச் செய்யாது.

எழப் பார்த்தேன். அதற்குள் அம்மா அடுத்த மணியைத் தொடங்கிவிட்டார்.

6.58. ஜெபமாலை முடிந்தது. அம்மா சிரித்தார்.

“நாளைக்கும் வா.”

யாரிடம் சொன்னார் என்று நான் பார்க்கவில்லை. ஸ்பீக்கரை அங்கேயே போட்டுவிட்டு பைக்கை எடுத்தேன்.

இரவு 9.05. இனிகோ போன் செய்தார். கேமராவில் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

“அண்ணா, நீங்க கிறிஸ்டியன்னு சொல்லவே இல்லீங்களே? எங்கப்பா மாதிரியே இழுத்து இழுத்துச் சொல்றீங்க. அம்மா சிரிச்சுப் பாத்து ரெண்டு வருசமாச்சுங்க.”

போனை மறு காதுக்கு மாற்றினேன், அவரே தொடர்ந்தார்.

“இதையே ரெக்கார்டிங்கா போட்டு வுட்ருங்கண்ணா. ஆளே தேவைப்படாது.”

ஆக்சிலியாவைக் கூப்பிடுங்கள், அம்மாவுக்கு ஆள்தான் வேண்டும் என்றேன். பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

பழுது பார்க்க எனக்கும் ஆப்பில் அனுமதி உண்டு. பதிவைத் திறந்தேன்.

அறையில் இரண்டே பேர். அம்மா. நான்.

அம்மா முதல் பாதி சொல்கிறார். நிறுத்துகிறார்.

என் வாய் திறக்கிறது.

ஐம்பத்து மூன்று முறை.

அந்த ஜெபத்தில் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

மறுநாள் நான் போகவில்லை. அந்த நேரத்துக்கு வேறு யாரும் போகவில்லை. 6.12க்கு செல்போனில் பார்த்தேன். அம்மா முதல் பாதி சொன்னார். நிறுத்தினார்... தலையைத் தூக்கி நேராகக் கேமராவைப் பார்த்தார்.

இரவு ஏழரை வரை விரல் ஜெபமாலையின் அதே முதல் மணியில்.