சீலைக்குப் பின்னால் கேட்ட எஞ்சின்

மகள் வீட்டுக் குசினியில் பிரஷர் குக்கர் அடுப்பில் ஏறினால் நான் மெதுவாகக் கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவேன். அது கூவினால் பயமில்லை. கூவ வேண்டிய நேரத்தில் உம்மென்று இருக்கிறதே, அதற்குத்தான் பயம். பேரப்பிள்ளைகளுக்கு இது பெரிய பகிடி. "மூத்தவாப்பா ஓடுறாரு, சோறு வெந்திட்டு" என்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு என் ரயில் எஞ்சினைத் தெரியாது.

கல்முனையில் ஏது ரயில் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிட்டது. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளில் எனக்கு ஒரு பஸ் கராஜில் வேலை. சாமான் எடுக்க மட்டக்களப்புக்குப் போனால் ஸ்டேஷன் பக்கம் ஒரு நடை போய், எஞ்சின் மூச்சு விடுவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். கலியாணமான பிறகு அதையெல்லாம் மனைவி ஹலீமாவிடம் அளப்பேன். அவள் ரயிலைக் கண்டதே இல்லை. "எனக்கும் காட்டுங்களேன்" என்றாள். வயிற்றில் பிள்ளை, பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போக விடுவார்களா? முதல் பிள்ளை தங்கவில்லை. அதனால், சத்தத்தில் அவள் திடுக்கிடக் கூடாதென்று, அந்த வீட்டில் தேங்காய் உடைப்பதுகூட வெளியே கொண்டுபோய்த்தான். "நீ போக வேணாம், ரயில் இஞ்ச வரும்" என்று வாயை விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை போய் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். போதாததற்கு, மாமி மருமகன் முன்னால் வரமாட்டார், நேரே கதைக்கவும் மாட்டார். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை, வழக்கம், அவ்வளவுதான். விறாந்தைக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் மருதமுனைத் தறியில் நெய்த சீலை ஒன்று தொங்கும். அதற்கு அந்தப் பக்கம் மாமி. என் செருப்புச் சத்தம், இருமல், பெருமூச்சு எல்லாம் அவருக்குக் காதாலேயே பாடம். எனக்குச் சொல்ல வேண்டியதை ஹலீமாவிடம் சொல்வார். அவள் பக்கத்தில் இல்லையென்றால் சுவருக்குச் சொல்வார்: "சோறு மூடி வெச்சிரிக்கி." எனக்கு அவர் மேல் ஒரே பயம். முகம் தெரியாத ஆளுக்குப் பயப்படுவது தனி வகைப் பயம்.

கொடுத்த வாக்குக்காக ஒரு முழ நீளத்தில் ஒரு குட்டி ரயில் எஞ்சின் செய்யத் தொடங்கினேன். விறாந்தையில்தான் வேலை. பொயிலருக்குப் பழைய பம்பு ஒன்றின் பித்தளைக் குழாய். இரண்டு முனையிலும் வட்டத் தகடு வைத்து ஈயத்தால் பற்றவைத்தேன். சாரதி நிற்கும் கூடு பிஸ்கட் தகரம். தகரத்தின் பின்புறம் ஆணியால் குத்திக் குத்தி முன்புறத்தில் ரிவெட் தலைகள் எழுப்பினேன். பாதிக் கண் அதிலேயே போயிற்று. சில்லுகளைக் கராஜ் லேத்தில் கடைந்தேன். பொயிலர் தலையில் ஒரு ஓட்டை, அதன்மேல் சைக்கிள் சில்லுக்குள் உருளும் இரும்புக் குண்டு ஒன்று, குண்டை அமுக்கிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். ஆவி கூடினால் குண்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடும். உயிரே அந்த ஓட்டையில்தான்.

ஈயத்தை நம்பி நெருப்பு வைக்கிறேனே என்ற நடுக்கம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்த டிரைவரைப் பார்த்தவன் நான். முதல் சோதனையில் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்திவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். குண்டு எழும்பி "உஸ்ஸ்" என்றது. உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. ஹலீமா எட்டிப் பார்த்தாள்.

"உள்ளுக்குப் பாம்பு வந்திட்டா எண்டு உம்மா கேக்கா."

"பாம்பில்ல, எஞ்சின் மூச்சு உடுது எண்டு சொல்லு."

பிறகு சுவருக்கு ஒரு கேள்வி: "புள்ளத்தாச்சி இரிக்கிற ஊட்டுல இதென்ன வெளாட்டு?" நான் விளக்கை ஊதி அணைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சோதனையிலும் அந்த "உஸ்" கேட்கும்வரை சீலைக்குப் பின்னால் மாமியின் காப்புச் சத்தம் நின்றிருக்கும். கேட்ட பிறகுதான் திரும்ப அசையும்.

கடைசி வேலை பெயின்ட். ராவி, தேய்த்து, பஸ்ஸுக்கு அடிக்கும் கறுப்பு எனாமல் பூசினேன். முன் பலகைக்குச் சிவப்பு. ஒரு பூச்சோடு விட்டிருக்கலாம். ஆசை விடவில்லை, இரண்டாவதும் அடித்தேன். முகம் தெரிகிற மாதிரிப் பளபளத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட்டுவிட்டு ஹலீமா உள்ளே படுத்திருந்தாள். அவள் எழும்பும்போது சில்லு சுற்ற வேண்டும் என்று விளக்கை வைத்தேன். அன்றைக்குத் தூணுக்குப் பின்னால் போகவில்லை. பளபளப்பில் மயங்கி, எண்ணெய் விடுகிறேன் என்று எஞ்சினோடு முகத்தை ஒட்டிக் குந்தியிருந்தேன். தண்ணீர் கொதிப்பது எனக்கும் கேட்டது.

"மனே! ஒழும்புங்க மனே! அது மூச்சு உடல்ல!"

சீலை விலகியிருந்தது. மாவு படிந்த கையோடு, முக்காடு தோளில் சரிய மாமி நின்றார். அந்த முகத்தை அன்றைக்குத்தான் நேருக்கு நேர் கண்டேன். பதறியடித்து முற்றத்தில் போய் விழுந்தேன். டம்மென்றது. முனைத் தகடு பறந்துபோய், என் தலை இருந்த உயரத்தில் தூணைப் பிளந்துகொண்டு நின்றது. விறாந்தை முழுக்க வெந்நீர்.

உள்ளே ஹலீமா அலறினாள். மாமி ஓடினார், சீலை விழுந்தது. நான் இந்தப் பக்கம். முதல் பிள்ளையைப் பொதிந்து எடுத்துப்போன வெள்ளைத்துணிதான் கண்ணில் நின்றது. யா அல்லாஹ், இதையும் எடுத்துவிடாதே. என்ன நடக்கிறது என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வெகு நேரம் கழித்துச் சுவருக்குச் சொன்னார்: "புள்ள துடிக்கிது. ஒண்டுமில்ல." அங்கேயே குந்தி அழுதேன்.

பிறகு பார்த்தால், இரண்டாவது பூச்சின் எனாமல் ஒரு சொட்டு வழிந்து, குண்டை ஓட்டையோடு சேர்த்து ஒட்டியிருந்தது.

மாமிக்குப் பயமெல்லாம் மகளைப் பற்றித்தான் என்றே நினைத்திருந்தேன். மகள் படுத்திருந்த அறை அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் ஓடி வந்தது என் பக்கம். மறுநாள் விடிந்ததும் பழையபடி, "வெளியால இரிக்கிறவருக்குத் தேத்தண்ணி குடு புள்ள." கண்மூடி மௌத்தாகும்வரை திரும்ப ஒருமுறையும் என்னை மகனே என்று நேரே கூப்பிடவில்லை. நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்கு வயிற்றில் துடித்தவள்தான் இந்தக் குக்கர்காரி. அவள் வீட்டு வாசலில் சீலை கிடையாது. தன் மருமகனோடு ஒரே மேசையில் இருந்து பகிடி விட்டுச் சாப்பிடுகிறாள். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் குக்கர் சத்தமில்லாமல் இருக்கும்போதெல்லாம் என் காது வாசல் பக்கம் போகிறது. நான் மூச்சு விடுகிறேனா என்று கேட்டுக்கொண்டிருக்க அங்கே இப்போது ஆளில்லை.