ஆகு, ஆவட்டும்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கொன்றும் நஷ்டமில்லை. என் முழங்கையில் ஆசிட் தெறித்த தழும்பு இருக்கிறது. அது எனக்குப் போதும்.

போர்க்கிணறு சுத்தம் செய்வது என் தொழில். எங்கள் பக்கத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அது குழாயின் துளைகளில் கல்லாகப் படிந்து தண்ணீரை அடைத்துவிடும். மோட்டாரை வெளியே எடுத்து, ஆசிட் ஊற்றிக் கரைத்து, கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளுவோம். போன மே மாதம் நானும் மச்சான் தரணியும் ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் நகரியிலிருந்து வடமாலபேட்டைக்குப் போனோம். தண்ணீரில்லாமல் வேதாச்சலம் என்பவரின் மாந்தோப்பு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் புத்தூரிலேயே ஆட்கள் இருக்கும்போது எங்களை ஏன் கூப்பிட்டார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆசிட் ஊற்றினோம். உள்ளே கொதித்தது. வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அன்று அடங்கவே இல்லை. மத்தியானம் இரண்டு மணி. ஓர் இலைகூட அசையவில்லை. குழாய்க்குள்ளிருந்து ஒரு குரல்...

"ஆகு..."

தெலுங்கில் 'நில்' என்று அர்த்தம். தரணிக்கும் கேட்டது, அவன் முகத்திலேயே தெரிந்தது. வேதாச்சலத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

"கொதிக்கிற சத்தம்பா அது. காத்தைத் தொறந்து வுடு."

திறந்தேன். வெள்ளைச் சேறு பீறிட்டது. அதோடு ஒரு ரப்பர் கிளவுஸ் வந்து அவர் காலடியில் விழுந்தது. சுண்ணாம்பு படிந்து, ஐந்து விரலும் விரிந்தபடி விறைத்திருந்தது.

அவர் அதைக் காலால் தள்ளப் போனார். வால்வை மூடினேன். தரணி இன்ஜினை நிறுத்தினான்.

இன்ஜின் நின்றுவிட்டது... ஆனால் காற்று நிற்கவில்லை.

கம்ப்ரசர் ஓஸ் துள்ளியது. அவர் காலைச் சுற்றி இழுத்தது. குழாய் வாய்மேல் முகம் குப்புற விழுந்தார்.

"ஆகு... ஆகு..." என்று அலறினார்.

உள்ளிருந்து நிதானமாக, தமிழில்...

"ஆவட்டும்."

ஊதியது.

அவரை இழுத்தபோதுதான் என் கை வெந்தது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது.

பிறகு புத்தூரில் விசாரித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அதே போர்க்கிணற்றைச் சுத்தம் செய்தவர் ஹேமநாத், தெலுங்குக்காரர். அவர் குழாய்மேல் குனிந்திருந்தபோது வால்வில் நின்றது வேதாச்சலம். ஆசிட் முகத்தில் அடிக்க, "ஆகு, ஆகு" என்று ஹேமநாத் கத்தியும் அந்த ஆள் மூடவில்லை. தண்ணீர் வந்துகொண்டிருந்ததாம், நிறுத்த மனசு வரவில்லை. போலீசிடம், "ஆவட்டும்னு சொன்னதா நெனச்சிக்கினேங்க" என்று சொல்லித் தப்பிவிட்டார். மண்டியில் நாள் முழுக்கத் தெலுங்கில் மாங்காய் விலை பேசுகிற மனுஷன்! இன்னும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஹேமநாத்தின் மனைவி கல்பனாவைப் பார்த்தேன். தெலுங்கில்தான் பேசினார். அவர் புருஷனுக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதாம். வேதாச்சலம் போலீசிடம் சொன்னது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர் காதுக்கு எட்டியது. 'ஆவட்டும்' என்றால் என்ன என்று நர்சிடம் கேட்டாராம். 'நடக்கட்டும், நிறுத்தாதே' என்று அந்தப் பெண் சொன்னாளாம்.

உயிர் போகிறவரை அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாராம்.