சாமுக்குத் தண்ணி வேணுமாம்

போன மாதம் எங்கள் இரட்டையருக்கு மூன்று வயது. வீட்டிலேயே பார்ட்டி.

வாடகைக்கு ஹோல் எடுத்துச் செய்வோமா என்று கேட்டேன். கராஜில் கிடக்கிற சாமான்களை ஒதுக்கினால் அதுவே ஹோல்தான் என்றாள் என் மனைவி ஜெசி. ஒதுக்கப் போனோம். இரண்டு கார் சீட், இரண்டு குட்டிச் சைக்கிள், இரட்டைப் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போகிற பெரிய ப்ராம், அது கதவுக்குள்ளால் நுழையாததால் வாங்கிய இன்னொரு ப்ராம்… பிள்ளைகள் இரண்டு என்றால் சாமான் நாலு மடங்கு. எப்படி என்று கேட்காதீர்கள். மெல்பேர்னின் கிரெய்கிபர்னில் எங்கள் தெருவில் காரை வெளியே விட்டுவிட்டுக் கராஜைப் பூட்டி வைத்திருக்கிற வீடு எங்களுடையது.

கேக்கும் இரண்டு. மகள் லீனாவுக்கு வண்ணத்துப்பூச்சி. மகன் சாமுக்கு லொறி.

பாட்டுப் பாடி முடிந்ததும் லீனா தன் மெழுகுதிரிகளை ஊதி அணைத்தாள். சாம் தன்னுடையதைப் பார்த்துக்கொண்டே நின்றான். லீனா இரண்டடி தள்ளி வந்து அதையும் ஊதினாள். எல்லோரும் சிரித்தோம்.

“சாம், எந்தத் துண்டு வேணும்?” என்று ஜெசி கேட்டாள்.

“சாமுக்குச் சில்லுத் துண்டு வேணுமாம்” என்றாள் லீனா, லொறியின் சக்கரத்தைக் காட்டி.

மறுபடி சிரிப்பு. லீனா சில நிமிடம் மூத்தவள். ‘அக்கா என்றால் அக்காதான்’ என்று ஆளுக்கு ஆள் மெச்சிக்கொண்டார்கள். நானும் பெருமையாகத்தான் நின்றேன் — ரஞ்சி அன்ரி பக்கத்தில் வந்து நிற்கும்வரை.

ரஞ்சி அன்ரிக்கும் எங்களைப் போலவே ஊர் இலங்கையில் மன்னார். தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்கு எங்களுக்கு முன் வாங்கில் இருக்கிறவர். கேட்க வந்ததைக் கேட்டுவிட்டுத்தான் கையிலிருக்கிற கட்லட்டைக் கடிப்பார்.

“தம்பி, குறை நினையாதையும். பெடியன் கதைக்கிறவனோ?”

“ஓம் அன்ரி. கதைப்பான்.”

“என்ன கதைப்பான்?”

அவன் வாயிலிருந்து கேட்ட சொற்களை மனதுக்குள் தேடிப் பார்த்தேன். எல்லாம் லீனா சொன்னவை. அன்ரி கட்லட்டைக் கடித்தார்.

பத்திரிகையில் என் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். வெயில் எறிக்கும்போதும் குடையோடு போகிறவன். எந்த நேரமும் மழை வரக்கூடிய மெல்பேர்னில் அதற்குப் புத்திசாலித்தனம் என்று பெயர். பிள்ளை வளர்ப்பில்? போதாததற்கு என் வேலையும் அப்படி. ட்ராம் ஓட்டுகிறவர்களுக்கு யாருக்கு எப்போது வேலை என்று ரோஸ்டர் போடுகிறேன். ஒருவர் வராவிட்டால் என்ன செய்வது, அவருக்குப் பதிலாக வருகிறவரும் வராவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பயப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பயத்தை வேலைத்தலத்திலேயே விட்டுவிட்டு வர எனக்கு இன்னும் பழகவில்லை.

அடுத்த நாளே சாமைச் சோதிக்கத் தொடங்கினேன். அவனுக்குப் பிடித்த நீலக் கோப்பையில் தண்ணீர் நிரப்பி, எட்டாத உயரத்தில் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“சாம், என்ன வேணும்? சொல்லுங்கோ.”

அவன் கோப்பையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வாய் மெல்லத் திறந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சாமுக்குத் தண்ணி வேணுமாம்.”

சொன்னது லீனா. அவள் அந்த அறையிலேயே இல்லை; குரல் அடுத்த அறையிலிருந்து வந்தது.

சரி, தனியாக வைத்துப் பார்ப்போம் என்று சாமை மட்டும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாழைப்பழத்தைக் காட்டி “ம்” என்றான். பாண் ரொட்டியைக் காட்டி “ம்” என்றான். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்விட்டார்கள். ஜெசியின் பழைய சேலை ஒன்றை மேசையைச் சுற்றிக் கட்டியிருக்கிறோம். அதற்குள்தான் அவர்களின் குடித்தனம். சோடி தொலைந்த ஒற்றைச் சப்பாத்து, போத்தல் மூடிகள், நான் இரண்டு கிழமையாகத் தேடுகிற சார்ஜர், எல்லாம் அங்கே போய்ச் சேரும். உள்ளேயிருந்து குசுகுசுவென்று சத்தம் வரும். குனிந்து பார்த்தால் நின்றுவிடும். பள்ளிக்கூட அதிபர் வகுப்புக்குள் வந்த மாதிரி இரண்டு முகமும் என்னைப் பார்க்கும்.

“அக்காவோட கதைக்கிறான்தானே. பேந்தென்ன உங்களுக்கு?” என்றாள் ஜெசி.

“அது ஒரு கதையோ? எனக்கு ஒண்டும் விளங்கேல்லையே.”

“உங்களுக்கு விளங்கோணும் எண்டு அவை கதைக்கேல்ல.”

ஜெசி இப்படித்தான். அவள் பதறி நான் பார்த்ததில்லை. நானோ இரவிரவாக இணையத்தில் தேடிக்கொண்டிருந்தேன். குடும்ப வைத்தியர், பேச்சுப் பயிற்சிக்கு எழுதித் தருகிறேன், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும் என்றார். கடைசியில், பிள்ளைகள் பகலில் போகிற சைல்ட்கெயாரில் அவர்களைப் பார்த்துக்கொள்கிற ட்ரேசிதான் ஒரு யோசனை சொன்னார். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே இரண்டு அறைகள். தான் பொறுப்பாக இருக்கிற அறையிலேயே சாம் இருக்கட்டும், லீனா மற்ற அறைக்குப் போகட்டும், கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். அவனுக்குத் தேவையானதையெல்லாம் அவள் கேட்டுவிடுகிறாள், பிறகு அவன் எதற்குப் பேச வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

நியாயமான கேள்விதான். ஆனால் பிரிப்பதா? வயிற்றிலிருந்தே ஒன்றாக இருந்த பிள்ளைகளையா? செய்தி எப்படியோ ரஞ்சி அன்ரிக்குப் போய்விட்டது. போன் வந்தது.

“ரெட்டையைப் பிரிக்கப்படாது தம்பி. ஒண்டு மனம் நொந்தா மற்றதுக்குக் காய்ச்சல் வரும்.”

“அன்ரி, நீங்கள்தானே முதல்ல கேட்டனீங்கள்?”

“கேட்டனான். பிரிக்கச் சொன்னனானோ?”

கடைசியில் ட்ரேசி சொன்னபடியே பிரிப்பதென்று முடிவெடுத்தோம். முதல் நாள் காலை இரண்டு கையிலும் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனேன். சாம் மணல் குழியில் ஒரு மஞ்சள் லொறியைக் கண்டான். என் கையை விட்டுவிட்டு நடந்துவிட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லீனா அவனுடைய அறை வாசலிலேயே நின்றாள். தூக்கிக்கொண்டு போய் மற்ற அறையில் விட்டேன். அழவில்லை. அப்பாடா என்றிருந்தது.

அதன்பிறகு கார் பார்க்கில் காருக்குள் உட்கார்ந்துகொண்டு கவலைப்பட்டேன். சாமுக்குப் பசித்தால் எப்படிக் கேட்பான்? யாராவது அடித்தால் யாரிடம் சொல்வான்? சாம், சாம், சாம். வேலைக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தபோதும் அதே யோசனைதான்.

பின்னேரம் கூட்டிக்கொண்டு வரப் போனால் ட்ரேசியின் முகமெல்லாம் சிரிப்பு. பாஸ்டா இன்னும் வேண்டும் என்று இங்கிலீசில் “மோர்” என்றானாம். லொறியைப் பறிக்க வந்த பெடியனிடம் “நோ, மை ட்ரக்” என்றானாம். என் மகனா? எனக்கு அந்த வாசலிலேயே துள்ள வேண்டும் போலிருந்தது. லீனாவின் அறையைப் பார்த்துக்கொள்கிற இளம் பெண், லீனா நாள் முழுக்கத் தொந்தரவே தரவில்லை, அவ்வளவு நல்ல பிள்ளை என்று சொன்னாள். நல்லது என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் திருவிழாதான். “அப்பா, லொறி விழுந்திட்டுது” என்று சாம் ஒரு முழு வசனம் சொன்ன அன்று குசினியில் நின்று கைதட்டினோம். கைதட்டலுக்காக அவன் லொறியைத் திரும்பத் திரும்ப விழுத்தினான். வீடியோ எடுத்து ரஞ்சி அன்ரிக்கு அனுப்பினேன். லீனா மேசைக்குக் கீழே சேலைக்குள் இருந்தாள். களைப்பாக்கும் என்று நினைத்தோம்.

அடுத்த கிழமை வேலையில் இருக்கும்போது ட்ரேசியின் அழைப்பு வந்தது. ஒருவருக்கும் அடிபடவில்லை என்றுதான் தொடங்கினார். பிறகு, வழமையை விடக் கொஞ்சம் முன்னதாக வர முடியுமா என்று கேட்டார்.

“சாமுக்கு என்ன?” என்றேன்.

“சாம் இல்லை. லீனா.”

அங்கே போனபோது லீனா யாருடையதோ காற்சட்டையோடு ஒரு சின்னக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். ஈரமான உடுப்பு ஒரு பையில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. பகலில் உடுப்பை நனைக்கிற பழக்கத்தை விட்டு எத்தனையோ மாதமான பிள்ளை. ட்ரேசி விஷயத்தைச் சொன்னார். இந்த அறைக்கு வந்ததிலிருந்து லீனா ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கமாக்கும் என்று முதலில் விட்டுவிட்டார்களாம். சாப்பாட்டை முன்னால் வைத்தால் கொஞ்சம் சாப்பிடுகிறாள். வைக்காவிட்டால் கேட்பதில்லை. தண்ணீரும் கேட்பதில்லை. இன்றைக்கு டொய்லெட் போக வேண்டும் என்பதையும் கேட்கவில்லை.

“வீட்டில் கேட்பாளே. வாயாடி அவள்” என்றேன்.

“வீட்டில் எப்படிக் கேட்பாள்?” என்றார் ட்ரேசி.

எப்படிக் கேட்பாள்? சாமுக்கு டொய்லெட் வருதாம் என்பாள். சாமைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அவன் மாட்டேன் என்று தலையாட்டுவான், கூடவே ஓடி வந்த லீனா டொய்லெட்டில் இருந்துவிட்டு வருவாள். சாமுக்குத் தண்ணி வேணுமாம் என்பாள். கோப்பை முதலில் போவது அவளுடைய வாய்க்கு. சாமுக்கு நித்திரை வருதாம் என்று சொல்லிவிட்டுத் தலையணையில் முதலில் சரிகிறதும் அவள்தான். இதையெல்லாம் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அக்கா தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள் என்று சந்தோஷப்பட்டோம். பிள்ளை தனக்குத் தேவையானதைத் தம்பியின் பெயரில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது பக்கத்தில் தம்பி இல்லை. யாருடைய பெயரில் கேட்பாள்?

அந்தச் சின்னக் கதிரைகளில் ஒன்றில் உட்கார்ந்தபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஊரெல்லாம் என்னைக் கவலைக்காரன் என்கிறது. அவ்வளவு கவலையும் ஒரு பிள்ளையின் மேல்தானே போய்க் குந்தியிருந்தது?

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் இது நடக்கும் என்று நினைக்கிறேன். ஒன்றைப் பற்றியே பேசுவோம். மற்றது சமாளிக்கும் என்று விட்டுவிடுவோம். என் ரோஸ்டரிலும் இதே கதைதான். எந்த நாளும் லீவு கேட்கிற ஆளைக் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக் கவனிப்பேன். ஒரு நாளும் ஒன்றும் கேட்காத ஆள்தான் ஒரு காலையில் வராமல் விடுவார்.

விஷயத்தைச் சொன்னபோது ஜெசி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“ஒண்டா விட்டா அவன் வாயை மூடிப்போடுவான். பிரிச்சு விட்டா இவள் மூடிப்போட்டாள். என்னப்பா செய்யிறது?”

ஜெசியே என்னிடம் கேட்கிறாள். அதில்தான் என் பயம் இரட்டிப்பானது.

காலையில் வேறு வேறு அறை, மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றாக என்று ட்ரேசி மாற்றிக் கொடுத்தார். வீட்டில் நாங்கள் எங்களால் முடிந்ததைச் செய்தோம். “லீனாக்குட்டி, உங்களுக்கு என்ன வேணும்? உங்களுக்கு.” அவள் சாமைப் பார்ப்பாள். சாம் அவளைப் பார்ப்பான். பதில் வராது. இரண்டு பெரிய மனுசர் முன்னால் குந்தியிருந்து வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பேச்சு வரும்? நான் கேட்கக் கேட்க அவள் உதடு இன்னும் இறுகியது. சாமின் பெயரில் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். சாமின் ஒன்றிரண்டு சொல்லைத் தவிர வீட்டில் சத்தமே இல்லை. இந்த வீட்டில் சத்தமில்லையே என்று நான் ஏங்குவேன் என்று யாராவது போன வருசம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

போன சனிக்கிழமை இரவுச் சாப்பாடு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். லீனாவுக்கு உயிர். ஆனால் அவள் தட்டில் கை வைக்கவில்லை. ஜெசி என்னைப் பார்த்தாள். நான் ஜெசியைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கக் கூடாது என்று எங்களுக்குள் பேசி வைத்திருந்தோம். மேசையில் சாமின் வாய் மட்டும்தான் அசைந்துகொண்டிருந்தது.

வாய் நிறைய இடியப்பத்தோடு சாம் நிமிர்ந்தான்.

“அம்மா, லீனாக்குப் பசிக்குதாம். லீனாக்குச் சொதி விடட்டாம்.”

ஜெசியின் கை தானாகக் கரண்டிக்குப் போனது. லீனா மெதுவாகத் தம்பியின் பக்கம் திரும்பினாள். தன் உத்தியோகத்தை யாரோ கேட்காமல் எடுத்துக்கொண்டதைப் பார்க்கிற பார்வை அது. முகம் சிவந்து வந்தது. தட்டை இரண்டு கையாலும் பிடித்து மேசையின் நடுவுக்குத் தள்ளினாள்.

“இல்ல. எனக்குப் பசிக்கேல்ல. எனக்குச் சொதி வேண்டாம். நீ கதைக்காத.”

ஜெசியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. சாம் பாதி மென்றதோடு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி மிச்சத்தை மெல்லத் தொடங்கினான்.

நான் எழும்பி அவளுடைய தட்டை எடுத்துக் குசினிக்குக் கொண்டுபோனேன். “ஒரே ஒரு வாய்” என்று கெஞ்சவுமில்லை, கோப்பையோடு பின்னால் திரியவுமில்லை. ‘எனக்கு’ வேண்டாம் என்று அவளே தன் பெயரில் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். லீனா அன்று சாப்பிடாமலே படுத்தாள்.

பிள்ளை சாப்பிடவில்லை என்று சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்த தமிழ்த் தகப்பன், இந்த விக்டோரியா மாநிலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.