வரஹாலம்மாவுக்கு ஒரு கம்ப்யூட்டர்

மனைவி பேசுவது சரியாகக் கேட்கவில்லை என்றதும் பைடிநாயுடு தன் காதைத்தான் சந்தேகப்பட்டார். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. விஜயநகரத்துச் சணல் மில்லில் தறி மெக்கானிக்காகவே காலம் தள்ளியவர். தறிகள் ஓடும்போது ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்தினால்தான் அங்கே பேச்சு. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது இடது காது சுத்தமாகப் போயிருந்தது, வலது காதில் ஏதோ கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சத்தை நம்பித்தான் வரஹாலம்மா கத்திக் கத்திக் குடும்பம் நடத்தினாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இருந்தது இரண்டே பேர், ஆனால் சத்தம் இருபது பேருக்கானது. நாயுடு வீட்டில் இன்று என்ன குழம்பு என்பது எதிர்வீட்டுக்குத் தெரியும். நேற்று எதற்குச் சண்டை என்பது தெருமுனை வரைக்கும் தெரியும்.

"என்ன வரஹாலு, வாய்க்குள்ளயே முனகற? தொறந்து பேசு."

"தொறந்துதான் பாவா பேசறேன். உன் காதுல இன்னும் மில்லுச் சணல் அடைச்சிருக்கு, போய் எடுத்துட்டு வா."

இப்படிச் சில மாதம் போனது. அவள் சொல்லும் சொல்லெல்லாம் ஈரத்துணி போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் நாயுடு காது டாக்டரிடம் போனார். டாக்டர் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "உங்க காது போன தடவை எப்படி இருந்துதோ அப்படியேதான் இருக்கு" என்றார். பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். "அம்மா, உங்க பேரைச் சொல்லுங்க."

வரஹாலம்மா சொன்னாள். டாக்டர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவளுக்கு முகம் மாறிவிட்டது. டாக்டர் வேறொன்றும் கேட்காமல் விசாகப்பட்டினத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே சொன்ன வியாதியின் பெயர் நாயுடுவின் நாக்கில் நிற்கவில்லை. நரம்பு செத்துக்கொண்டே வரும், அவ்வளவுதான் அவருக்குப் புரிந்தது. சில பேருக்குக் காலில் ஆரம்பிக்குமாம், இவளுக்கு நாக்கில் ஆரம்பித்திருந்தது. அடுத்து கை, பிறகு கழுத்து, பிறகு மூச்சு. புத்திக்கு ஒன்றும் ஆகாது, எல்லாம் தெரிந்துகொண்டேதான் இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். அதை ஆறுதலாகச் சொன்னாரா என்று நாயுடுவுக்கு விளங்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் வரஹாலம்மா அவர் வலது காதில் வாயை வைத்து என்னவோ நீளமாகச் சொன்னாள். அவருக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினார்.

குரல் முழுசாகப் போன பிறகு அவள் கம்ப்யூட்டரில் பேசினாள். அது அவளுடைய பெட்டி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அச்சகத்தில் எழுத்துக் கோத்தவள், பிறகு அங்கேயே கம்ப்யூட்டரில் அடிக்கப் பழகியவள். அச்சகத்தை மூடியபோது முதலாளி பழைய பெட்டியையும் எழுத்தடிக்கும் தட்டுப்பலகையையும் அவளிடமே கொடுத்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை, பைடிதல்லி அம்மன் திருவிழா நோட்டீஸ் என்று வீட்டில் வைத்தே அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாயுடு அந்தப் பக்கம் போனதே இல்லை. பூச்சாடியைச் சுற்றிப் போவது போல அதைச் சுற்றிப் போவார்.

இப்போது அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார வேண்டி வந்தது. அஞ்சாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அவள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தாள், திரை முழுக்க நாலைந்து சொல்தான் நிற்கும்.

"மீசையைக் கத்தரி. கரடி மாதிரி இருக்க."

அவர் உரக்கப் படித்துவிட்டு, "கரடிக்குத்தானடி கழுத்தை நீட்டினே?" என்பார். அவள் தோள் குலுங்கும், சிரிப்புச் சத்தம் மட்டும் வராது. எதிர்வீட்டுக்காரர்கள் இப்போது நாயுடுவின் பதிலை மட்டும் கேட்டார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் பெரும்புயல் வந்து விசாகப்பட்டினத்தையே புரட்டிப் போட்டது. விஜயநகரத்திலும் மரம் விழுந்து, கம்பம் விழுந்து, கரண்ட் இல்லாமல் ஊர் கிடந்தது. ஜனம் தண்ணீருக்கும் பாலுக்கும் அலைந்தது. நாயுடு வீட்டில் அத்தோடு பேச்சும் நின்றது. சிலேட்டில் எழுதிப் பார்த்தாள். வலது கையால் சாக்பீஸைப் பிடிக்க முடியவில்லை, கோடு கோடாகச் சரிந்தது. சைகை காட்டுவாள், அவர் தப்பாகப் புரிந்துகொண்டு வேறெதையோ எடுத்து வருவார். ஒருநாள் மத்தியானம் கரண்ட் வந்தது. வந்த வேகத்தில் கம்ப்யூட்டருக்குள் ஏதோ படீரென்றது. புகை வாசனை. திரை இருண்டது, அதன் பிறகு எரியவே இல்லை. பழுது பார்க்கிறவன் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். ஊரில் சின்னவர்களுக்கெல்லாம் நாயுடு 'பாபாய்', சித்தப்பா. "இதுக்கு உதிரி கெடைக்காது பாபாய். புதுசு வாங்கிடுங்க."

புதுசு வாங்கிடுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். என்ன புதுசு? இதுவரை அந்த வீட்டில் அந்த மாதிரி சாமானை வாங்கியதெல்லாம் அவள்தான்.

நாயுடு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மணிக்கூண்டுப் பக்கம் இருந்த பெரிய கடைக்குப் போனார். கம்ப்யூட்டர்களை வரிசையாகத் திறந்து வைத்திருந்தார்கள், எல்லாத் திரையிலும் ஒரே மலை, ஒரே ஏரி. தினேஷ் என்ற விற்பனையாளன் வந்தான்.

"வாங்க பாபாய். டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா? ராம் எவ்வளவு வேணும்?"

"எந்த ராமு?"

தினேஷ் சிரிக்காமல் சமாளித்தான். "யாருக்கு? பேரனுக்கா?"

"வீட்டம்மாவுக்கு."

"அம்மா என்ன பண்ணுவாங்க? சீரியல் பாப்பாங்களா, சமையல் வீடியோவா?"

பேசுவாள் என்று சொல்ல வேண்டியதுதான். அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. அத்தனை பேர் நிற்கிற கடையில் என் பெண்டாட்டிக்குக் குரல் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? "டைப் அடிப்பா" என்றார்.

"அப்ப எது வேணாலும் போதும் பாபாய்."

எது வேண்டுமானாலும் போதும் என்றால் எதை எடுப்பது? தறியாக இருந்தால் கையை வைத்தாலே அதன் கோளாறு அவருக்குத் தெரிந்துவிடும். இங்கே ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்துப் பார்த்தார், எல்லாம் ஒரே வழவழப்பு. கடைசியில் இருப்பதிலேயே மெலிசானதை எடுத்தார். மடியில் வைத்துக்கொண்டால் அவளுக்குப் பாரமாக இருக்காது என்பதுதான் அவருடைய கணக்கு.

வரஹாலம்மா அதைத் திறந்து பார்த்த உடனே அவள் முகம் சொல்லிவிட்டது. பித்தான்கள் அப்பளம் போலத் தட்டையாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருந்தன. அவள் விரல்களுக்குள் நரம்பு ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. பழைய தட்டுப்பலகையில் அழுத்தினால்தான் எழுத்து விழும், துடிப்பு தெரியாது. இதில் விரல் பட்டாலே விழுந்தது. ஒரே எழுத்து வரி முழுக்க ஓடியது. அழித்தாள். மறுபடி ஓடியது. தெலுங்கு எழுத்தும் அவள் அச்சகத்தில் பழகிய இடங்களில் இல்லை. ரொம்ப நேரம் போராடி, ஆறேழு எழுத்துக் குப்பைக்கு நடுவே, "வேணாம்" என்று ஒரு சொல்லை நிறுத்தினாள்.

நாயுடுவுக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னடி வேணாம்? பைத்தியக்காரன் மாதிரி அத்தனை நேரம் அங்க நின்னேன்! அவன் கேட்டதுக்கெல்லாம் ஆடு மாதிரி முழிச்சேன்! உனக்கு எதைக் கொண்டுவந்தாலும் நொட்டை! என்னதான் வேணும் உனக்கு, சொல்லித் தொலையேன்!"

சொல்லித் தொலையேன் என்ற சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் அவருக்கே கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு சண்டையிலும் அவர் அவளை ஜெயித்ததில்லை. அன்றைக்கு ஜெயித்தார். அவள் மூடியைச் சாத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் ராகி ஜாவாக் கஞ்சி கரைத்துக் கொண்டுபோய் வைத்தார். அவள் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனார். அட்டைப்பெட்டியைப் பிரித்தாகிவிட்டது, எடுத்துக்கொள்ள முடியாது என்றார் கடை முதலாளி. நாயுடு நகரவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"அவளுக்குப் பேச்சு போயிடுச்சுப்பா. இதுலதான் பேசணும். கையும் போயிட்டிருக்கு."

 தினேஷ்தான் அவரை வெளியே கூட்டிவந்தான். "இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா பாபாய்? எனக்கும் அந்தப் பழைய தெலுங்குத் தட்டச்செல்லாம் தெரியாது. கோர்ட்டுக்குப் பின்னாடி ரத்னமாலா அக்கா டைப் கடை வச்சிருக்காங்க, அவங்களைக் கேளுங்க."

ரத்னமாலாவை நாயுடுவுக்குத் தெரியும். அச்சகத்தில் வரஹாலம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி. விஷயத்தைக் கேட்டதும் அவள் கடையை அப்படியே சாத்திவிட்டுக் கிளம்பினாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். "இவ்வளவு நடந்திருக்கு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. நீயெல்லாம் ஒரு மனுஷனா அண்ணே?"

வீட்டுக்குள் வந்தவள் கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை. நேராகக் கட்டிலில் போய் உட்கார்ந்து வரஹாலம்மாவின் இரண்டு கைகளையும் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அக்கா, எந்த விரலு நல்லா இருக்கு?"

வரஹாலம்மா இடது கை நடுவிரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு வலது கை ஆள்காட்டி விரலை, பாதி. அந்த இரண்டுதான் என்று நாயுடுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தினமும் அந்தக் கைகளைக் கழுவி விடுகிறவர் அவர்தான். அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ரத்னமாலா செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பரணில் போட்டிருந்த பழைய தட்டுப்பலகையை இறக்கித் துடைத்தாள். அதன் ஒயர் முனை புதுசில் பொருந்தவில்லை, தன் கடையிலிருந்து ஒரு சின்னப் பொருத்தியைக் கொண்டுவந்து மாட்டினாள். பழைய எழுத்துக்களை ஏற்றினாள். விரல் நடுங்கினாலும் ஒரு எழுத்து ஒரு தடவைதான் விழும்படி எங்கேயோ போய் மாற்றி வைத்தாள். அவ்வளவுதான். நாயுடு வாங்கி வந்ததும் கெட்ட சாமான் இல்லை. அப்படியானால் முந்தின நாள் அந்தக் கத்தல் எதற்கு என்று நினைத்தபடி அவர் வாசலில் போய் நின்றுகொண்டார்.

"அக்கா, கண்ணாலயே எழுதற மெஷினெல்லாம் வந்திருக்காம். பின்னாடி தேவைப்படும். விசாரிக்கவா?" என்று உள்ளே ரத்னமாலா கேட்டாள்.

வரஹாலம்மா இரண்டு விரலால் மெதுவாக அடித்தாள். "பின்னாடிக்கு வாங்காதே. இன்னைக்குப் பேசினா போதும்."

ரத்னமாலா தன் பையை எடுத்துக்கொண்டாள். அவள் போன பிறகு வரஹாலம்மா நாயுடுவைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். திரையில் எழுதி வைத்திருந்தாள்:

"நேத்து நீ கத்தினது எல்லாம் கேட்டுது பாவா. எனக்குக் காது நல்லா இருக்கு."

அவர் உரக்கப் படிக்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் பாதி வேலை செய்கிற கையை அவர் தலைமேல் வைத்தாள்.

சங்கராந்தி வரை அவள் நன்றாகப் பேசினாள். அதன் பிறகு பேச்சு குறைந்துகொண்டே வந்தது. முதலில் வலது விரல் போனது. பிறகு நடுவிரல் மட்டும், கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது போல ஒவ்வொரு எழுத்தாக. கேலி நின்றது, பாதி சொல்லோடு நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பாள், மீதியை அவர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கண்ணை மூடித் திறப்பாள். பங்குனியில் அந்த விரலும் எழுந்திருக்கவில்லை. விழுங்கவும் முடியாமல் போனதால் ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குக் குழாய் வைத்து அனுப்பினார்கள்.

அதன் பிறகு நாயுடு தன் விரலைத் தட்டுப்பலகையின்மேல் ஒவ்வொரு பித்தானாக நகர்த்துவார். வேண்டிய எழுத்து வந்ததும் அவள் கண்ணை மூடுவாள். அவருக்கு எந்த எழுத்து எங்கே என்று தெரியாது, தேடித் தேடிப் போவார். அவள் களைத்துப் போய்த் தன்னாலேயே கண் மூடினாலும் அதை எழுத்து என்று நினைத்து அடித்துவிடுவார். ஒரு காலை முழுக்க இப்படி உட்கார்ந்து ஒரு சொல் சேர்த்தார்கள். "விட்டுடு."

எதை விடச் சொன்னாள்? இந்த எழுத்துத் தேடலையா? குழாய் வழியாகச் சோறு விடுவதையா? அவளையேவா? ஒவ்வொன்றாகக் கேட்டார், உரக்க, எதிர்வீடு வரை கேட்கும்படி. அவள் எதற்கும் கண்ணை மூடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தட்டுப்பலகையை எடுத்து ஓரமாக வைத்தார். குழாயை எடுக்க மனம் வரவில்லை. அது தப்பா சரியா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

ஆடி மழையில் ஒரு விடியலில் அவள் மூச்சு நின்றது. நாயுடு பக்கத்திலேயே படுத்திருந்தார். அவருக்குக் கேட்கவில்லை. கையைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

பெரிய காரியம் முடிந்த பிறகு கம்ப்யூட்டரையும் தட்டுப்பலகையையும் ரத்னமாலாவின் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். "எனக்கு எதுக்கும்மா? நீ வச்சுக்கோ."

அவள் அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, அக்கா எழுதினதெல்லாம் அழிக்காம அப்படியே இருக்கு."

"என்ன இருக்கு?"

அவர் காதருகில் வந்து சத்தமாகப் படித்தாள். ஃபேனைக் குறை. பால்காரன் நிக்கிறான். ஜாவா ஆறிப்போச்சு. முதுகுல தலகாணி வை, இன்னும் கொஞ்சம், போதும். மழை வருது, துணியை எடு. மாத்திரை போட்டியா? போட்டியா பாவா? பொய் சொல்லாதே.

பத்திரிகை அடிக்க வந்திருந்த ஒரு கல்யாண வீட்டுக்காரர் மாதிரித் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, இவர்கள் இருவரையும் பார்த்தபடி நின்றிருந்தார்.

"போதும்" என்றார் நாயுடு. "துடைச்சுடு."

"நெஜமாவா அண்ணே? ஒரு தாள்ல எடுத்துத் தரவா?"

"வேணாம்மா. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள பொழுது போயிடும்."

ரத்னமாலா துடைத்தாள். நாயுடு அது முடியும் வரை நின்று பார்த்துவிட்டு, கல்யாண வீட்டுக்காரருக்கு வழிவிட்டு ஒதுங்கி, படியிறங்கினார்.