கிளிப்பக்காவின் பிஸ்கட் டப்பா

கிளிப்பக்கா என்ற பெயரைத் தையல்காரி முதன்முதலில் கேட்டது, பேன்ட் இடுப்பைத் தளர்த்தித் தரச் சொல்லி வந்த ஒரு பெரியவரின் வாயிலிருந்து.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுக்கணும். கிளிப்பக்கா டூட்டியில இருந்தா கவலையில்ல" என்றார் அவர். "அது ஜெல்லை உள்ளங்கையில வச்சு சூடு பண்ணித்தான் தடவும். மத்தவங்க ஐஸ்கட்டிய நெஞ்சுல வைக்கிற மாதிரி சளக்குனு போட்டுடுவாங்க."

"யாருங்க அது கிளிப்பக்கா?"

"கையிலயும் காலிலயும் கிளிப் மாட்டி விடுமே, அந்தம்மா. நெத்தியில கூட ஒரு தழும்பு இருக்கும்."

தழும்பு என்றதும் தையல்காரியின் கை நின்றது. அது அவளுடைய ஓர்ப்படி. அண்ணன் இவளைக் கட்டினான், தம்பி அவளைக் கட்டினான். பதினாலு வருஷமாகக் கீழே இவள் குடித்தனம், மேலே அவள் குடித்தனம், நடுவில் ஒரு படிக்கட்டு. அந்தத் தழும்பு எந்த அலமாரிக் கதவு இடித்து வந்தது, அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பது வரை தையல்காரிக்கு மனப்பாடம். அவளுக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோனது. ஆனால் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் யாருக்கு யார் என்ன முறை, யார் யாரோடு எதற்காகப் பேசுவதில்லை என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுவாள். அப்படிப்பட்டவளுக்கே தன் வீட்டு மாடியில் இருப்பவளுக்கு ஊரார் ஒரு பெயர் வைத்திருப்பது தெரியவில்லை.

அன்று சாயங்காலம் படியேறிப் போய், "தலையில ஒரு கிளிப் கூடக் குத்தாதவளுக்குப் பேரப் பாரு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஒரு ஏழெட்டு மாசத்துக்குக் கிளிப்பக்கா அப்படிச் சிரித்ததாகத் தையல்காரிக்கு நினைவில்லை.

ஆள் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வந்தாள். முதலில் பஸ்ஸில் போவதை விட்டாள். "கூட்டம் நெரியுது, நடந்தா உடம்புக்கு நல்லது" என்றாள். அப்புறம் கடைவீதியை விட்டாள். அதற்கும் ஒரு காரணம் சொன்னாள். பிறகு ஒருநாள், "அக்கா, நாளைக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வரியா? சும்மா பேசிக்கிட்டே போகலாம்" என்றாள். தையல்காரி போனாள். மறுநாளும் போனாள். மூன்றாவது வாரம் பார்த்தால், கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு ஈசிஜி அறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் தண்ணீர் பாட்டில், பையில் புளிப்பு மிட்டாய். உள்ளேயிருந்து அரைமணிக்கு ஒரு தரம் தலை எட்டிப் பார்க்கும். இவள் இருக்கிறாள் என்று கண்டதும் உள்ளே போய்விடும்.

"நீ என்ன, உன் ஓர்ப்படிக்கு வாட்ச்மேனா?" என்றான் தையல்காரியின் புருஷன்.

"உங்க தம்பி வேனை எடுத்துக்கிட்டு விடியக் காலையில போனா ராத்திரிதான் வராரு. வேற யார் இருக்கா அவளுக்கு?"

விஷயம் வெளியே வந்தது ஒரு பட்டன் தேடப் போய்த்தான். பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்கு வெள்ளைப் பட்டன் குறைந்தது. மேலே இருக்குமா என்று தேடப் போனபோது, மாடி அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா கண்ணில் பட்டது. பட்டனாக இருக்கும் என்று திறந்தாள். உள்ளே பட்டன் இல்லை. இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட நீளநீள ஈசிஜி சீட்டுகள், மடித்து மடித்து அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி, மணி, கிளிப்பக்காவின் பெயர். சில நாட்களில் மூன்று சீட்டு. காலை எட்டு பத்து, மத்தியானம் ஒன்று நாற்பது, சாயங்காலம் நாலு ஐந்து.

நெஞ்சில் ஏதோ பெரிய நோய், வீட்டில் மறைக்கிறாள் என்று தையல்காரி நினைத்தாள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து, துணி வெட்டும் மேசையில் சீட்டுகளை ஒன்றுக்கு அடியில் ஒன்றாகப் பரப்பினாள். அதைப் படிக்கிற வித்தை அவளுக்குத் தெரியாது. ஆனால் முப்பது வருஷமாகத் தையல் பார்க்கிற கண். அந்தக் கண் தானாகவே கோட்டின் மேல் ஓடியது. சில சீட்டில் தையல் நெருக்கம், சிலதில் கொஞ்சம் அகலம். எதிலும் விட்டுப்போன தையல் இல்லை, நூல் அறுந்த இடமும் இல்லை. நல்ல மெஷினில் நல்ல கை ஓட்டிய மாதிரி ஒரே சீராகப் போயிருந்தது. எண்ணிப் பார்த்தாள். அறுபத்து மூன்று.

கிளிப்பக்கா வேலை முடிந்து வந்து, மேசையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி இது?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா. நார்மல்."

"அது எனக்கே தெரியுது. நல்லா இருக்கிறத எதுக்கு அறுபத்து மூணு தடவை பாத்த?"

கிளிப்பக்கா உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். ஆறேழு மாசத்துக்கு முன்னால் அவள் வயசுக்காரர் ஒருவர் வந்து படுத்தாராம். ஜெல் இதமாக இருக்கிறது என்று வேடிக்கை பேசினாராம். அரைமணி நேரத்தில் போய்விட்டாராம். அவள் எத்தனையோ சாவு பார்த்தவள்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள், தூங்கினாள். இரண்டு மாசம் கழித்து பஸ்ஸில் போகும்போது காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல் நுனியெல்லாம் மரத்து, காது அடைத்து, மூச்சு பாதியில் நின்றது. அந்த ஆளுக்கு வந்ததுதான் தனக்கும் வந்துவிட்டது, இதோடு முடிந்தது என்று நினைத்தாள். பாதி வழியில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடி, தானே கிளிப்பை மாட்டிக்கொண்டு படுத்தாள்.

"நார்மல்னு வந்தது. உயிர் வந்த மாதிரி இருந்துச்சு. ஒரு மணி நேரம் நிம்மதி. அப்புறம் அந்தச் சீட்டு பழசாயிடுதே அக்கா. இப்ப எப்படி இருக்குன்னு அதுல தெரியாதே."

போன வாரம் நடந்ததையும் சொன்னாள். ஒருவரைப் படுக்க வைத்துக் கிளிப் மாட்டியபின் அது வந்துவிட்டது. அவரை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினாள். பெரிய நர்ஸ் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் ரெக்கார்டு அறைக்கு மாற்றிவிடுவார்களாம். அங்கே ஆளே வரமாட்டார்கள், ஃபைல் அடுக்குகிற வேலை. "அதுக்கு நானே நின்னுக்கலாம்னு லெட்டர் எழுதிப் பையில வச்சிருக்கேன். தேதி மட்டும்தான் போடல."

இருபது வருஷ வேலை. மனுஷர்களைத் தொட்டு, பேசி, பயத்தை ஆற்றிப் படுக்க வைக்கிற வேலை. அது போய்விட்டால் இவள் மாடியை விட்டு இறங்கவே மாட்டாள் என்பது தையல்காரிக்குப் பளிச்சென்று தெரிந்தது.

"தேதி போடாத. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். டப்பாவோட."

இதய டாக்டர் சீட்டுகளைப் புரட்டினார். ரத்தம், தைராய்டு எல்லாம் பார்க்கச் சொன்னார், ஸ்கேன் எடுத்தார். "நெஞ்சுல ஏதாவதுன்னா முதல்ல இங்க வந்து பாக்கறது சரிதான். பாத்தாச்சு. இதயம் நல்லா இருக்கு. இனி பாக்க வேண்டியது அங்க" என்று தாழ்வாரக் கடைசியில் இருந்த மனநல டாக்டர் அறையைக் காட்டினார்.

அந்த டாக்டர் ஒரு பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "வீட்டில இது மாதிரி யாருக்காவது இருந்ததா?" என்றார்.

"யாருக்கும் இல்ல மேடம்" என்றாள் கிளிப்பக்கா.

"யாருக்கும் இல்லையா?" என்றாள் தையல்காரி. "உங்கப்பாவோட பெரிய அக்கா? உன் கல்யாணத்துக்கு ஹால் வாசல் வரைக்கும் வந்துட்டு, வேர்த்து ஊத்தி, அப்படியே திரும்பிப் போச்சே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாங்கன்னு சொல்லலைன்னு கோபம்னு பேசிக்கிட்டாங்க. பதினாலு வருஷமா அந்தப் பழியத் தூக்கிக்கிட்டு அலையறோம். உன் சித்தப்பா பொண்ணு கல்யாணத்துலயும் அதே மாதிரி கேட்டோட திரும்புச்சு. அங்கயும் நாங்களா வாங்கன்னு சொல்லல?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"தெருவில நிக்கிற கார் மேல பூனை ஏறினா ஹாரன் கத்துமே, கேட்டிருக்கீங்களா? திருடன் வந்தா கத்த வேண்டியது. அது கெட்டுப் போகல, ரொம்ப உஷாரா இருக்கு. உங்க உடம்பும் அப்படித்தான். ஆபத்துன்னு நினைச்சுக்கிட்டு நெஞ்சை வேகமா அடிக்க வைக்குது. நீங்க பயந்து வேகமா மூச்சு விடறீங்க, அதனால விரல் மரத்துப் போகுது. அதைப் பாத்து இன்னும் பயம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். ஏறினது தானா இறங்கிடும். ஆனா நீங்க ஒரு தடவையாவது அது இறங்கறதப் பாத்ததுண்டா?"

கிளிப்பக்கா யோசித்தாள். "இல்ல. அதுக்குள்ள மெஷின்ல படுத்துடுவேன்."

"அதான். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்த் திருடனத் தேடறீங்க. அப்ப திருடன் நிஜம்தான் போலன்னு அது இன்னும் சத்தமா கத்துது."

மாத்திரை எழுதினார். வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதலில் கொஞ்சம் படபடப்பு கூடினாலும் கூடும், நன்றாக இருக்கிறதென்று தானாக நிறுத்தக் கூடாது என்றார். வாரம் ஒரு தரம் வந்து பேசச் சொன்னார். பிறகு வீட்டுப் பாடம் கொடுத்தார். வேண்டுமென்றே மாடிப்படி ஏறி இறங்கி நெஞ்சை அடிக்க வைக்க வேண்டும். ஒரு நிமிஷம் வேகமாக மூச்சு விட்டு விரலை மரக்க வைக்க வேண்டும். அப்புறம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்து, அது இறங்குவதைப் பார்க்க வேண்டும்.

"இன்னும் ரெண்டு கழட்ட வேண்டியிருக்கு. ஒண்ணு, உங்களுக்கு நீங்களே எடுக்கற ஈசிஜி. இன்னொண்ணு," என்று தையல்காரி பக்கம் திரும்பினார், "வெளியில இருக்கற ஸ்டூல்."

தையல்காரிக்குச் சுருக்கென்றது. வீட்டில் புருஷனிடம் பொரிந்து தள்ளினாள். "கடையப் பூட்டிட்டுப் போய் நாள் முழுக்க உக்காந்தேன். என்னைக் கழட்டணுமாம். நான் என்ன கிளிப்பா?"

"டாக்டர் உன்னத் திட்டல. நீ இருக்கறதாலதான் பொழைச்சேன்னு அவ நம்பறா. நீ இல்லாமயும் பொழைப்பான்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?" என்றான் அவன். அதிசயமாக அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல பேச்சு அது.

அன்று முதல் மாடிப்படியில் தினமும் தட தடவென்று சத்தம். "மேல குதிரை வளக்கறாங்களா?" என்பான் அவன். முதல் வாரம் கிளிப்பக்கா படியிலேயே உட்கார்ந்து அழுதாள். இரண்டாவது வாரம், "பதினெட்டு நிமிஷம் அக்கா, இறங்கிடுச்சு" என்று மேலேயிருந்து குரல் வந்தது. பஸ்ஸில் ஒரு நிறுத்தம், பிறகு மூன்று, பிறகு முழு வழி. ஸ்டூல் முதலில் தாழ்வாரத்துக்குப் போனது, பிறகு ஆஸ்பத்திரி கேட்டுக்கு, பிறகு கடைக்கே திரும்பி வந்தது. மாத்திரையும் பிடித்துக்கொண்டது. இடையில் ஒருநாள் கிளிப்பக்கா ஒளிந்து ஒரு ஈசிஜி எடுத்துவிட்டாள். மறுநாள் தானே டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டாள். "அறுபத்து நாலு" என்றாராம் அவர், அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை. காலை பதினொரு மணி. கடையில் தையல்காரி ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். ஃபோன் அடித்தது.

"அக்கா." மூச்சு வாங்கியது. "வந்துடுச்சு. அன்னிக்குப் போயிட்டாரே ஒருத்தர், அவர் வயசுதான் இவருக்கும், அதே மாதிரி பேசறாரு. எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஒன்றும் ஆகாது, இதோ ஆட்டோ பிடித்து வருகிறேன் என்று தையல்காரியின் நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பதிலைத்தான் சொல்லக் கூடாது என்று டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். அதுவும் ஒரு சீட்டுதானாம், ஒரு மணி நேரத்தில் பழசாகிவிடுமாம்.

"வந்திருச்சா? சரி, இருக்கட்டும். அவரு படுத்திருக்காரா?"

"ம்."

"கிளிப் மாட்டிட்டியா?"

"கை மட்டும்தான்."

"கால் பாக்கி இருக்கே. ஜெல் சூடு ஆறிடப் போகுது. வேலையப் பாரு."

ஃபோனை வைத்தாள். இரண்டு தரம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தாள். சட்டையின் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டதை அப்புறம்தான் கண்டாள். பிரித்துத் தைத்தாள். பெரிய நர்ஸ் ரெக்கார்டு அறைச் சாவியை எடுத்து நீட்டுகிற மாதிரியே கண்ணுக்குள் வந்து போனது.

பன்னிரண்டே காலுக்கு மறுபடி அடித்தது.

"பன்னெண்டு நிமிஷம்" என்றாள் கிளிப்பக்கா. "கால் கிளிப் மாட்டும்போது உச்சத்துல இருந்துச்சு. பேப்பர் ஓடி முடியறப்ப இறங்கிடுச்சு. ஓடல அக்கா. வேர்வை மட்டும் சொட்டிச்சு. என்னம்மா, ஃபேன் போடட்டுமான்னு அவரே கேட்டாரு."

"அவரு சீட்டு?"

"நார்மல். அவருக்குத்தான் எடுத்தேன், எனக்கு எடுக்கல. அதுக்கப்புறம் இன்னும் நாலு பேருக்கு எடுத்துட்டேன்."

"சாப்பிட்டியா?"

"இனிமேதான்."

"போய்ச் சாப்பிடு. உன்னால ஒரு சட்டைய ரெண்டு தரம் தச்சேன்."

அன்று மாலை கிளிப்பக்கா பையிலிருந்த லெட்டரைக் கிழித்தாள், டப்பாவிலிருந்த சீட்டுகளையும் கிழித்தாள். காலி டப்பாவைத் தையல்காரி கேட்டு வாங்கிக்கொண்டாள். அதில் இப்போது நிஜமாகவே வெள்ளைப் பட்டன்தான் இருக்கிறது. அந்தப் பெரியத்தை வீட்டுக்கும் ஒருநாள் இரண்டு பேரும் போய், வாசலோடு திரும்பியது எதனால் என்று உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள். பழியும் தீர்ந்தது.

வருஷத்தில் இரண்டொரு தடவை கிளிப்பக்காவுக்கு இன்னமும் வருகிறது. வந்தால் கடிகாரத்தைக் கூடப் பார்ப்பதில்லை, கையில் இருக்கிற வேலையைச் செய்கிறாள். டாக்டர் சொன்னபடி மெல்ல மெல்லக் குறைத்து மாத்திரையை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது. அதே ஆஸ்பத்திரியில், அதே ஈசிஜி அறையில் வேலை பார்க்கிறாள். காலை ஏழே முக்கால் பஸ்ஸில் தனியாகப் போகிறாள்.