நாலு கோடு காட்டிய போன்

ரெஜினா அக்கா கடைக்குள் வந்து கண்ணாடி மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

"தம்பி, நீ ஒருக்கா விளிச்சுப் பாரு. நேத்து சாயங்காலமே வரவேண்டிய வள்ளம். நான் விளிச்சா கிட்டமாட்டேங்குது."

அவருடைய கணவர் சூசை குமரிக் கடற்கரைக்காரர், கொச்சியில் வைப்பின் தீவில் தங்கி மீன் பிடித்துவந்தவர். மூன்று நாளுக்கு முன்பு அவருடைய போனைச் சரிசெய்து கொடுத்தது நான்தான். டயல் செய்தேன். ரேஞ்சுக்கு வெளியே இருக்கிறார் என்று மலையாளத்தில் ஒரு பெண்குரல். மறுபடியும் அதே குரல். அன்றைக்குச் சோதித்தபோது சரியாகத் துள்ளாத மீட்டர் முள் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். திருப்பூர் பனியன் கம்பெனி, பாலக்காட்டு ஓட்டல் என்று ஐந்து ஊர் சுற்றி, இரண்டாயிரத்து எட்டு வாக்கில் மட்டாஞ்சேரியில் சலீம் இக்காவின் ரிப்பேர் கடையில் ஒதுங்கியிருந்தேன்.

சூசை கொண்டுவந்தது பிராட்வே கடைத்தெருவில் வாங்கிய பழைய போன். ரேஞ்சு இல்லை என்றார். சிம் மாற்றிப் பார்த்தேன். நெட்வொர்க்கைக் கையால் தேடவிட்டேன். ஆண்டெனா காண்டாக்டைச் சுரண்டினேன். கடைசியில், பேச்சை டவருக்குத் தள்ளும் பவர் ஐசி போய்விட்டது என்று தெரிந்தது. புது ஐசி எர்ணாகுளத்திலிருந்து வர இரண்டு நாளாகும். விடிந்தால் அவர் கடலுக்குப் போகிறார். செத்த போர்டு ஒன்றிலிருந்து ஐசியைக் கழற்றி இதில் பொருத்தினேன்.

அழைப்பு போகும் கணத்தில் பவர் சப்ளை மீட்டரின் முள் துள்ள வேண்டும். லேசாக அசைந்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்தேன். ஆனால் திரையில் சிக்னல் கோடு நாலும் தெரிந்தது, அழைப்பும் போனது. போகாமல் என்ன செய்யும்? டவர் இரண்டு கட்டிடம் தள்ளி, மொட்டை மாடியில். டவரின் காலடியில் அரை உயிர் ஐசியும் பேசும். கோடு என்பது டவர் பேசுவது நம் காதில் விழுகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. நாம் பேசுவது அங்கே போய்ச் சேருமா என்பதை அது சொல்லாது. இது தெரிந்திருந்தும் கொடுத்துவிட்டேன்.

ரெஜினா அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்னைப் பார்ப்பார். நான் டயல் செய்வேன்.

"சாயா சொல்லட்டுமாக்கா?"

"அவரு குடிச்சிருப்பாரா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாலு கோடு காட்டிச்சில்லா? நீதான காட்டின?" என்றார்.

நான் உள்ளே போனேன். பெஞ்சுக்கு அடியில் என் பை இருந்தது. ஐந்து ஊரையும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டுதான் விட்டு வந்திருந்தேன். பை கையில் இருக்கும்போதே வெளியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, நாளைக்குக் கடை எப்பத் தொறப்பிய?"

"எட்டு மணிக்கு" என்றேன். பையைக் கீழே வைத்தேன்.

மறுநாள் மதியம், வேறொரு போட்டு, பெரிய விசைப்படகு, அவர்களைக் கட்டி இழுத்து வந்துவிட்டது என்று தகவல் வந்தது. அதன்பிறகுதான் எனக்குப் பயம் முழுசாகப் பிடித்தது. சூசை வருவார்.

"கடல்ல ரேஞ்சு கிட்டாதுன்னு சொல்லிரு. வேற ஒண்ணும் வாயில வர வேண்டா" என்றார் சலீம் இக்கா, முள் ஏறாததை நான் சொன்னதும்.

சூசை வந்தார். உப்பில் உதடு வெடித்திருந்தது. போனை மேசையில் வைத்தார்.

"எஞ்சின் நின்னு போச்சி. தூரத்துல ஒரு போட்டு போச்சி. இடுப்புச் சாரத்த அவுத்து வீசிக் காட்டுவோமுன்னான் என் மச்சினன். நான்தான் வேண்டாமுன்னேன். ரெண்டு கோடு கெடக்குல, கரைக்கு விளிச்சா ஆளு வரும்னேன். போட்டும் போயிட்டு. பொறவு ரெண்டு ராத்திரியும் விளிச்சோம்." கொஞ்சம் சிரித்தார். "கடல்ல அப்படித்தான் போல, என்ன?"

சலீம் இக்கா என்னைப் பார்த்தார்.

"கடல் இல்லண்ணே. நான் வச்ச ஐசி பழசு. முள் ஏறல. பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன். அவர் போனை என் பக்கம் தள்ளினார்.

"புதுசு போடு. போட்டுட்டு நீயும் வள்ளத்துல ஏறு. அங்க வந்து காட்டு."

எனக்கு நீச்சல் தெரியாது. புது ஐசி வந்த மறுநாள் விடிகாலையில் ஏறினேன். கடல்வாயான அழிமுகம் தாண்டியதும் வள்ளம் தூக்கிப் போட்டது. பலகையைப் பிடித்துக்கொண்டேன். கரை ஒரு கோடாகி, பிறகு அதுவும் மறைந்தது. சூசை எஞ்சினை நிறுத்திவிட்டுப் போனை நீட்டினார். திரையில் ரெண்டு கோடு. அன்றைக்கும் அவர்களுக்குத் தெரிந்தது அதே ரெண்டு கோடுதான்.

ரெஜினா அக்காவின் எண்ணைப் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் வள்ளத்தில் அறையும் சத்தம் மட்டும். சூசை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மணியோசை. அது முடிவதற்குள்,

"எங்க இருக்கிய?" என்றது குரல்.

போனை சூசையிடம் கொடுத்தேன்.

அதற்குப்பின் ரேஞ்சு ரிப்பேருக்கு வரும் எந்தப் போனையும் கடையில் வைத்துச் சோதித்ததில்லை. பக்கத்துச் சுக்குக் கிடங்கின் உள்ளறைக்கு, ஒரு கோடுகூடச் சரியாக நிற்காத இடத்துக்கு எடுத்துப் போவேன். தும்மிக்கொண்டே போன் போட்டு, எதிர்முனையில் ஆள் பேசிய பிறகுதான் வெளியே வருவேன். அதற்கும் முன்னால், வருகிறவரிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன்: இதை எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள்?