களங்கட்டிக் கம்பில் ஒரு கூகை

காற்று விழுந்துவிட்டது. அனலைதீவுக்குப் போகவேண்டிய பாய்வள்ளம் ஊர்காவற்றுறைக் கரையில் அசையாமல் கிடக்கிறது. பயணி நான் ஒருவன்தான். அம்மை வராமல் தடுக்க ஊரூராய் அம்மைப்பால் குத்துகிறவன் நான்; என்னோடு கூடப் பயணம் செய்ய யாருக்கும் மனம் வருவதில்லை.

பொழுது சாய்கிறது. மீன் மறிக்கக் கரைக்கடலில் நட்டிருக்கும் களங்கட்டிக் கம்பொன்றில் பெரிய கூகை ஒன்று குந்தியிருக்கிறது. இறகு மூடாத வெறுங்கால்கள். மஞ்சள் கண்கள் தண்ணீரையே பார்க்கின்றன. களங்கட்டிக்குள் மீன் அள்ளும் மனிதர் அதை விரட்டவில்லை. ஒரு திரளி மீனை வேண்டுமென்றே உள்ளே விட்டுவிட்டுக் கரையேறுகிறார்.

“அந்த மீன் கூகைக்கோ அண்ணை?” என்று கேட்கிறேன்.

“ஓம். போன மாரிப் புயலோடை வன்னியிலையிருந்து வந்தது. இங்கை அதுக்குச் சோடி இல்லை. பின்னேரத்திலை கூப்பிடும். ஒருநாள் பகிடிக்கு நானும் அதைப்போலக் கத்தினனான். பறந்து வந்து என்ரை வள்ளத்திலை இருந்து என்னையே பாத்துது.”

“பிறகு?”

“பிறகென்ன, மனுசன் எண்டு கண்டவுடனை பறந்து போட்டுது. அண்டு தொடக்கம்தான் மீன் விடுறனான்.”

கூகை அடித்தொண்டையில் இரண்டு தரம் கூப்பிடுகிறது. அவர் தலை குனிந்து வலையை உதறுகிறார். அதற்குப் பதிலாக என் தொண்டை வரை அதேபோல ஒரு சத்தம் வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன். கூகை எங்கள் பக்கம் கழுத்தைத் திருப்பிக் காத்திருக்கிறது.